ஓதம் ஏறிய சுவரும் சதுர அடிக் கணக்கும்

கும்பகோணத்தில் எங்கள் பாட்டனார் காலந்தொட்டு இருந்து வரும் வீட்டின் கூடத்துச் சுவரில் தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை ஓதம் ஏறி, பூச்சு பொரிந்து, உப்புப் பூத்து, விரலால் தொட்டாலே மாவாக உதிர்கிற நிலைமை ஏற்பட்டபோது, இன்று அநேகமாக எல்லாக் கிரகஸ்தர்களும் செய்கிற காரியத்தையே நாங்களும் செய்தோம். நான்கு பேரை அழைத்துச் சுவரைக் காட்டி, "சதுர அடிக்கு என்ன கேட்கிறீர்கள்?" என்று விசாரித்து, நான்கு தொகைகளில் எது குறைவோ அதைச் சொன்னவரிடம் வேலையை ஒப்படைத்தோம். வெளியூரிலிருந்து ஆட்களோடு வேனில் வந்திறங்கிய அந்தக் காண்ட்ராக்டர், நான்கே நாட்களில் பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, சிமெண்டுக் கலவையால் கண்ணாடி போலப் பூசி, வெள்ளையும் அடித்து முடித்துப் பணம் வாங்கிக்கொண்டு போனார். அடுத்த ஐப்பசி மழை ஓய்வதற்குள், மூன்றடியில் நின்றிருந்த ஓதம் ஐந்தடிக்கு ஏறி, சுவாமி படங்கள் மாட்டியிருந்த ஆணிகளைச் சுற்றி ஈரம் படர்ந்துவிட்டது. அவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னபோது, தாம் பூசிய பூச்சு விழவில்லையே, உள்ளேயிருந்து வரும் ஈரத்துக்குத் தாம் எப்படிப் பொறுப்பாளியாக முடியும் என்று கேட்டார். அப்போது எங்களுக்குக் கோபந்தான் வந்தது. பிறகு நிதானமாக யோசித்தபோது, அவர் கேட்டதில் நியாயம் இருப்பதை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. நாங்கள் அவரிடம் விலை பேசியது இத்தனை சதுர அடிப் பூச்சுக்கு; ஈரத்தைப் போக்குவதைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை.

அதன் பிறகுதான், எங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளிக் குடியிருக்கும் வயதான கொத்தனார் ஒருவரை அழைத்து வந்தோம். அவர் முதல் நாள் காலை முழுவதும் கலவை போடச் சொல்லவே இல்லை. கரணையின் மரப்பிடியால் சுவரை அடிக்கு ஒரு தரம் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார்; மொட்டை மாடிக்கு ஏறித் தட்டோட்டின் சந்துகளைக் குனிந்து பார்த்தார்; மாடித் தண்ணீரை இறக்கும் குழாய் சுவருக்குள் எவ்விடத்தில் புகுந்து எவ்விடத்தில் வெளிவருகிறது என்று தேடினார்; பின்பு தெருவுக்குப் போய் நின்றுகொண்டு, திண்ணைக்குக் கீழே முன்பு எத்தனை படிகள் இருந்தன என்று என் தாயாரிடம் கேட்டார். மூன்று படிகள் இருந்தன. இப்போது ஒன்றுதான் வெளியே தெரிகிறது. மற்ற இரண்டும், பல ஆண்டுகளாகத் தாருக்கு மேல் தார் போட்டு உயர்த்திய சாலைக்குள் புதைந்து போயின. பழைய தார்ப் படுகையைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய தார் போட வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டில் தமிழகத் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டார் என்பது வாஸ்தவமே. ஆனால் அதற்கு முன்பே புதைந்துவிட்ட படிகளை அந்த உத்தரவு மீட்டுத் தரப் போவதில்லை. தெருவில் தேங்கும் மழைநீர் இப்போது எங்கள் சுவரின் அடிவாரத்தை நோக்கி வருகிறது.

"இது சுவத்துக் கேடு இல்லீங்க ஐயா, தண்ணிக் கேடு. தண்ணி போற வழிய முதல்ல பார்ப்போம். சுவத்துக்கு அப்புறமா வருவோம்" என்றார் அவர்.

அவர் கண்டுபிடித்தவை மூன்று. தெருத் தண்ணீர் ஒன்று. சுவருக்குள் புதைந்த குழாயில் ஏற்பட்டிருந்த வெடிப்பு மற்றொன்று. மூன்றாவது, நாங்களே பணம் கொடுத்துச் செய்துகொண்ட கேடு: சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய சுவருக்குச் சிமெண்டுப் பூச்சுப் பூசியது. சுண்ணாம்புச் சுவர் மழைக்காலத்தில் ஈரத்தை வாங்கி வெயில் காலத்தில் அதை ஆவியாக வெளியே விடும் சுபாவம் உடையது. அதன்மேல் கெட்டியான சிமெண்டுத் தோலைப் போர்த்திவிட்டால் உள்ளே சேர்ந்த நீர் வெளியேற மார்க்கமின்றி மேலே மேலே ஏறி, பூச்சு முடிகிற இடம் எதுவோ அங்கே போய் வெடிக்கும். மூன்றடி ஐந்தடியானதன் ரகசியம் இதுதான். அவர் சிமெண்டுப் பூச்சை முழுவதும் கொத்தி எடுத்து, குழாயைச் சுவருக்கு வெளியே கொண்டுவந்து, சுவரோரமாக நீர் வடிய ஒரு வாய்க்கால் அமைத்து, சித்திரை வைகாசி இரண்டு மாதமும் செங்கல் தெரியச் சுவரை அப்படியே காயவிட்டு, பின்பு நீற்றிப் பல நாள் ஊறவைத்த சுண்ணாம்பில் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்த்துப் பூசினார். இவ்வளவுக்கும் அவர் கேட்டது நாட்கூலி. எத்தனை நாள் ஆகும் என்று கேட்டதற்கு, கொத்திப் பார்க்காமல் சொன்னால் அது பொய்யாகிவிடும் என்று சொன்னார்.

இந்த அனுபவத்திலிருந்து எனக்கு உண்டான அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். புதிதாகக் கட்டும் வேலையை அளவுக் கூலிக்கு விடுவதில் தவறில்லை. ஆனால் இருக்கும் வீட்டைப் பழுது பார்க்கும் வேலையைச் சதுர அடிக் கணக்கில் ஒருபோதும் விடலாகாது. அதை நாட்கூலிக்கே விட வேண்டும். அதுவும் அருகில் குடியிருந்து, நாளைக்கும் நம் முகத்தில் விழிக்க வேண்டிய ஒருவரிடம் விட வேண்டும்.

காரணம் தொழிலின் இயல்பிலேயே இருக்கிறது. புதிய சுவர் எத்தனை அடி நீளம், எத்தனை அடி உயரம், ஒன்பது அங்குலமா நாலரை அங்குலமா என்பது வேலை தொடங்குமுன்பே தெரியும். இத்தனை ஆயிரம் செங்கல், இத்தனை யூனிட் மணல், இத்தனை மூட்டை சிமெண்டு என்று மேஸ்திரி விரல்விட்டு எண்ணிச் சொல்லிவிடுவார். சொன்னதற்கு அதிகமாகப் பிடித்தால் அது அவருடைய கணக்குப் பிழை. பழுது அப்படியல்ல. பூச்சைக் கொத்துகிற வரையில் அதன் பின்னால் இருப்பது வெறும் பூச்சுக் கேடா, செங்கல் அரித்திருக்கிறதா, கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட்டைத் தள்ளுகிறதா என்பது யாருக்கும் தெரியாது. சதுர அடிக்கு இவ்வளவு என்று ஒப்புக்கொண்டு வந்தவருக்கு, கொத்தும்போது அகப்படுகிற ஒவ்வொரு புதிய கேடும் தம் கையிலிருந்து போகிற ஒரு நாள் சம்பளம். துருப்பிடித்த கம்பியைப் பார்த்துவிட்டால் அதைத் தேய்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். பார்க்காதிருந்தால் பூசிவிட்டுப் போகலாம். அவர் நல்லவரா கெட்டவரா என்பது இங்கே கேள்வியே அல்ல. நாம் பேசிய பேரமே, கேட்டைத் தேடாதே என்று அவருக்குக் கட்டளையிட்டு விடுகிறது. நாட்கூலி பெறுகிறவருக்கோ, கேட்டைக் கண்டு சொல்வதால் நஷ்டம் ஒன்றுமில்லை. ஆகையால் அவர் பார்க்கிறார், பார்த்ததைச் சொல்கிறார்.

அவசரத்தின் தீமை இன்னும் நுட்பமான இடங்களிலும் புகுந்துவிடுகிறது. 50 கிலோ சிமெண்டு மூட்டை ஒன்று ஏறக்குறைய ஒன்றேகால் கன அடி. ஒன்றுக்கு ஐந்து என்ற விகிதத்தில் கலவை போட வேண்டுமானால் மூட்டைக்கு ஆறேகால் கன அடி மணல் சேர்க்க வேண்டும். அதைப் பெட்டி வைத்து அளப்பவர்கள் உண்டு. அவசரத்தில் சட்டியால் அள்ளிக் கொட்டிக் கண்ணளவில் முடிப்பவர்களும் உண்டு. நீர் சேர்த்த சிமெண்டுக் கலவையை இரண்டு மணி நேரத்துக்குள் உபயோகித்துவிட வேண்டும் என்பது விதி. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் குழைத்து இறுகத் தொடங்கியதைச் சாப்பாட்டுக்குப் பின் மறுபடி தண்ணீர் ஊற்றிக் கிளறிப் பூசினால், பார்வைக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. செங்கலை நீரில் ஊறவைக்காமல் கட்டினால் அது கலவையின் நீரை உறிஞ்சிவிடும். அதுவும் பார்வைக்குத் தெரியாது. பூச்சுக்குச் சன்னமான பி-சாண்டு வாங்க வேண்டிய இடத்தில் கட்டுவேலைக்கு வந்த எம்-சாண்டையே சலித்துப் போட்டால், அது ஓரளவுக்குத் தெரியும். ஆனால் பட்டி பார்த்து வர்ணம் அடித்த பிறகு தெரியாது. இந்த வேலையில் தவறுகள் எல்லாமே மூடப்பட்டு விடுகின்றன என்பதுதான் அதன் பிரதானமான சங்கடம்.

எல்லாவற்றிலும் பெரிய அநியாயம் தண்ணீர் காட்டுவதில் நடக்கிறது. கான்கிரீட்டுக்கான இந்தியத் தர நிர்ணயம், சாதாரணச் சிமெண்டானால் குறைந்தது 7 நாட்களும், சாம்பல் முதலியவை கலந்த சிமெண்டானால் குறைந்தது 10 நாட்களும் மேற்பரப்பு ஈரம் உலராமல் இருக்க வேண்டும் என்கிறது. இன்று நம் கடைகளில் வீட்டு வேலைக்குக் கொடுப்பது பெரும்பாலும் இரண்டாம் வகையே. தளமானால் பாத்தி கட்டி நீர் நிறுத்தலாம். தூணானால் சாக்கைச் சுற்றி நனைக்கலாம். சுவர்ப் பூச்சுக்கு வேளாவேளைக்கு ஆள் நின்று தண்ணீர் அடிக்க வேண்டும். அளவுக் கூலிக்கு வந்த குழு ஐந்தாம் நாள் வேறு ஊரில் வேலையைத் தொடங்கியிருக்கும். அப்போது வீட்டுக்காரர் தாமே செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். செய்யலாம்தான், ஆனால் எத்தனை நாள், எத்தனை வேளை என்று அவருக்குச் சொல்லிவிட்டுப் போனவர் யார்? மூன்று தெரு தள்ளி இருப்பவரோ, காலையில் வேறு வேலைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்து, "அம்மா, தண்ணி ஊத்தினீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போகிறார்.

நாட்கூலிக்கு விட்டால் வேலை இழுத்தடிக்கப்படும் என்கிற ஆட்சேபத்தை நான் அற்பமாக நினைக்கவில்லை. அது நடக்கத்தான் செய்கிறது, நானே பார்த்திருக்கிறேன். நான்கு நாள் வேலை ஒன்பது நாளாவதும், இடையில் வேறு வீட்டு வேலைக்குப் போய்விட்டு இங்கே இரண்டு நாள் வராமலிருப்பதும், பெரிய தொகையாக அட்வான்ஸ் வாங்கிய பிறகு சிரத்தை குறைவதும் சகஜம். ஆனால் இதற்கு மாற்று, அவசரத்தைக் காசு கொடுத்து வாங்குவதல்ல. வேலை தொடங்குமுன் கொத்தனாரோடு உட்கார்ந்து, என்ன செய்யப் போகிறோம் என்பதை ஒரு நோட்டில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளலாம். சாமான்களை நாமே வாங்கி, பில்லை நாமே வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு நாள் மாலையிலும் கரணையைக் கழுவுகிற நேரத்தில் அன்றைக்கு முடிந்ததைப் போய்ப் பார்த்து, நாளைக்கு என்ன என்று கேட்டு எழுதிக்கொள்ளலாம். சம்பளத்தை வழக்கப்படி சனிக்கிழமைதோறும் பாக்கியின்றிக் கொடுத்துவிட்டு, அட்வான்ஸைச் சில நாள் கூலிக்கு மேற்படாமல் நிறுத்திக்கொள்ளலாம். சனிக்கிழமைச் சம்பளத்தைத் திங்கட்கிழமைக்குத் தள்ளுகிற வீட்டுக்காரர், திங்கட்கிழமை ஆள் வரவில்லை என்று குறைப்பட்டுக்கொள்வதற்கு உரிமையற்றவர். ஞாயிற்றுக்கிழமை அந்தக் குடும்பத்துக்கும் அடுப்பு எரிய வேண்டும்.

சட்டத்தின் பாதுகாப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் அங்கே என் வாதத்துக்கு எதிரான ஓர் உண்மை இருக்கிறது. அடுக்குமாடி வீடு வாங்குகிறவருக்கு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் துணை நிற்கிறது. பதிவு பெற்ற திட்டங்களில், வீட்டைக் கையில் ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் தெரியவரும் கட்டுமானக் குறையைக் கட்டியவர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும். சொந்த மனையில் கொத்தனாரை வைத்து வேலை செய்கிறவருக்கு அந்தச் சட்டம் இல்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வீட்டுக் கட்டுமானத்தையும் சேவையாக ஏற்றுக்கொண்டிருப்பதால், காண்ட்ராக்ட் பேசி ஏமாந்தவர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணமும் கிடையாது. ஆனால் நம் மேற்பார்வையில் நம் சொற்படி வேலை செய்கிற தனி ஊழிய ஒப்பந்தத்தை அதே சட்டம் விலக்கி வைத்திருக்கிறது. நாட்கூலி ஏற்பாட்டை அந்த வகையில் சேர்த்துப் பேச எதிர்த்தரப்புக்கு இடம் உண்டு. ஆகவே நான் சிபாரிசு செய்கிற முறையில் ஆணையத்தின் கதவு நிச்சயமாகத் திறக்கும் என்று சொல்ல மாட்டேன். பெரிய வேலையானால், உதாரணமாக மாடியில் ஓர் அறை எழுப்புவதானால், எழுத்து மூலமான காண்ட்ராக்டே நல்லது. முத்திரைத் தாளில் எழுதி, அளவும் விகிதமும் தவணையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஒழுகுகிற தளத்துக்கும் ஓதம் ஏறிய சுவருக்கும் எனக்கு வேண்டிய உத்தரவாதம் வேறு. தாம் பழுது பார்த்த வீட்டைத் தினம் கடந்து போக வேண்டியவர், அடுத்த தெருக் கல்யாணத்தில் என்னோடு பந்தியில் உட்கார வேண்டியவர், தம் பெயரைக் காப்பாற்றிக்கொள்கிற அக்கறையே அந்த உத்தரவாதம். நிறுவனத்தின் அச்சடித்த வாரண்டிக் காகிதத்தைவிட அதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

உள்ளூர்க்காரர் என்று சொல்லும்போது இன்னார் பிறந்த ஊர் எது என்று நான் பார்க்கவில்லை. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் மேற்கு வங்காளத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள் இன்று நம் ஊர்களின் சுவர்களையும் தளங்களையும் கட்டுகிறார்கள். அவர்களில் பல ஆண்டுகளாக நம் தெருக்களிலேயே குடியிருந்து, பிள்ளைகளை நம் பள்ளிகளில் சேர்த்து, தமிழ் பேசுகிறவர்கள் உண்டு. ஓதத்தைப் பற்றிக் கேட்டால் வந்து பார்க்கிறவர் எவரோ அவர் உள்ளூர்க்காரர். இங்கேயே பிறந்து, பணம் வாங்கிய மறுநாள் தொலைபேசியை எடுக்காதவரை அந்தப் பெயரால் அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

கொத்தனாரிடம் நாம் வாங்குவது கையுழைப்பு மட்டுமே என்று எண்ணுவது நம்முடைய பெருந்தவறு. இங்கிலாந்தில் 1917-இல் பிறந்து கேரளத்தில் வாழ்ந்து மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், வேலை நடக்கும் ஸ்தலத்திலேயே கொத்தனார்களோடு நின்று, கைக்குக் கிடைத்த காகிதத்தில் படம் போட்டுக் காட்டி, அவர்களோடு கலந்து பேசி வீடு கட்டியவர். செங்கலைப் பக்கவாட்டில் நிறுத்தி நடுவே வெற்றிடம் விட்டுக் கட்டுகிற முறையை அவர் பரவலாகக் கையாண்டார்; அதனால் செங்கலில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு மிச்சமாவதோடு வீட்டுக்குள் வெப்பமும் குறைகிறது. அப்படிப்பட்ட கட்டு காகிதத்தில் மட்டும் நிற்காது; கொத்தனார் அதைப் புரிந்துகொண்டு விரும்பிச் செய்தால்தான் சுவராகும். எங்கள் வீட்டிலும், குழாயைச் சுவருக்கு வெளியே கொண்டு வரலாம் என்ற யோசனை கொத்தனாருடையதே. சதுர அடிக் கணக்கில் அந்த யோசனைக்கு ஒரு காசும் இல்லை.

கூலியில் பேரம் பேசுகிற வழக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கொத்தனார் கூலியில் ஐம்பது ரூபாய் குறைத்ததை வெற்றியாகச் சொல்லிக்கொள்கிறவர்கள், அதே வேலைக்கு வாங்கிய டைல்ஸில் ஆயிரக்கணக்கில் கொடுத்ததைச் சொல்வதில்லை. அதைவிட எனக்கு வேதனை தருவது சித்தாளின் நிலைமை. செங்கல் சுமப்பதும், கலவை எடுத்துக் கொடுப்பதும், தண்ணீர் மொண்டு ஊற்றுவதும் பெரும்பாலும் பெண்கள். கொத்தனாரின் பக்கத்தில் இருபது வருஷம் நின்று, எந்தக் கலவை எந்த இடத்துக்கு என்பதைக் கண் பார்த்தே சொல்லத் தெரிந்த பின்பும், அவர்கள் கையில் கரணை வருவது அபூர்வம், கூலியும் கொத்தனார் கூலியை எட்டுவதில்லை. எங்கள் வீட்டு வேலைக்கு வந்த சித்தாளம்மாள்தான், குழாய் வெடித்திருந்த இடத்தில் செங்கல் நிறம் மாறியிருப்பதை முதலில் கண்டு, "இங்க பாருங்கண்ணே" என்று கொத்தனாருக்குக் காட்டினார். அடுத்த முறை சின்னப் பூச்சு வேலை ஏதேனும் வந்தால் அதை அவரையே செய்யச் சொல்லுங்கள் என்று நான் கொத்தனாரிடம் கேட்டிருக்கிறேன். அவர் முதலில் தயங்கினாலும் மறுக்கவில்லை.

தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994 முதல் இருந்து வருகிறது. பதிவு செய்தவர்களுக்கு விபத்து உதவி, பிள்ளைகளின் படிப்புக்கு உதவி, அறுபது வயதுக்குப் பின் ஓய்வூதியம் என்று பல பிரயோஜனங்கள் உண்டு. வேலைக்கு வருகிறவர்கள் பதிவு செய்திருக்கிறார்களா, செய்திருந்தால் உரிய காலத்தில் புதுப்பித்திருக்கிறார்களா என்று கேட்பதும், இல்லையென்றால் விண்ணப்பத்துக்கு உதவுவதும் வீட்டுக்காரரின் கடமையில் சேர வேண்டும். சவுக்குக் கம்பால் கட்டிய சாரத்தின்மேல் வேறொருவரை ஏற்றிவிட்டுக் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்தப் பொறுப்பு இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

காலத்தைப் பற்றியும் யோசிக்க வேண்டும். ஒழுக்கு நமக்குத் தெரிய வருவது ஐப்பசியில். கொத்தனாரைத் தேடி ஓடுவதும் ஐப்பசியிலேயே. அப்போது ஊரில் ஒரு கொத்தனாரும் ஓய்வாக இருக்க மாட்டார். இருந்தாலும் நனைந்த தளத்தின்மேல் அவர் செய்வது தற்காலிக வேலையாகவே முடியும். மழைக்காலத்தில் எவ்விடத்தில் எவ்வளவு நேரத்தில் நீர் சொட்டுகிறது என்பதைக் குறித்து வைத்துக்கொண்டு, தை பிறந்த பிறகு அழைத்துப் பேசி, வெயில் காலத்தில் செய்வதே உத்தமம். நாங்கள் இப்போது அப்படித்தான் செய்கிறோம். நோட்டில் இந்த வருஷத்துக் குறிப்புகள் ஒன்றரைப் பக்கத்துக்கு வந்திருக்கின்றன.

கூடத்துச் சுவர் இப்போது நன்றாக இருக்கிறது. வடமேற்கு மூலையில் ஒரு முழ அகலத்துக்கு மட்டும் ஈரம் இன்னும் வற்றவில்லை. அதைப் பூசாமல் செங்கல் தெரியவே விட்டிருக்கிறோம். வருகிறவர்கள் அதைப் பார்த்து, வேலை பாதியில் நின்றுவிட்டதா என்று விசாரிக்கிறார்கள். இன்னொரு சித்திரை போகட்டும் என்று கொத்தனார் சொல்லியிருக்கிறார். வாரம் ஒருமுறையாவது அந்த வழியாகப் போகும்போது, செருப்பை வாசலில் விட்டு உள்ளே வந்து, புறங்கையை அந்தச் செங்கலின்மேல் சிறிது நேரம் வைத்துப் பார்த்துவிட்டுப் போகிறார்.